கச்சிதமும் கோழிக்கோட்டும்

அந்தத் தையல்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிறவர் மூச்சுவிட முடியாமல் முழி பிதுங்கி நின்றாலும் சரி, கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாலும் சரி, அவர் இரண்டடி பின்னால் தள்ளி நிற்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "கச்சிதம்!" என்பார். சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

மோசமான தையல்காரர் என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கை சுத்தமான கை. தையல் ஒரே சீராகப் போகும், பட்டன் ஓட்டை பிரிந்து ஒருவரும் திரும்பி வந்தது கிடையாது. ஆனால் எல்லா மனிதர்களையும் போல அவருக்கும் எப்போதாவது அளவு பிசகும். பிசகினால் அது அவர் தப்பாக இருக்காது. துணி சுருங்கியிருக்கும், அல்லது வந்தவர் அளவு கொடுத்தபோது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருப்பார். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், கால்சட்டையில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று புகார் கொண்டுவந்தார். "நீங்க ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறீங்க சார், அதான்" என்றார் கச்சிதம். பாவம், நல்ல மனிதர். அன்றிலிருந்து நிமிர்ந்து நடக்கப் பழகுகிறேன் என்று மறுபக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

'அளவு தப்பு' என்ற சொல் மட்டும் கச்சிதத்தின் வாயிலிருந்து வராது. மனைவியிடமே அது வந்ததில்லை என்றால் மற்றவர்களிடம் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்கு அவரே ஆசை ஆசையாக ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். இடது கை வலது கையைவிடக் குட்டையாக இருந்தது. புதுப்பெண் மெதுவாக எடுத்துச் சொன்னபோது, "கல்யாணச் சந்தோஷத்துல உன் இடது கை கொஞ்சம் வளர்ந்திருக்கு" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

வீட்டின் முன்னறை கடை. பின்பக்கத்து முற்றம் கோழிகளுடையது. கோழிகள் மனைவியின் ராஜ்யம். பழுப்பு முட்டை இடுகிற பெட்டைகள் ஒரு கூட்டம், வெள்ளை முட்டை இடுகிறவள் ஒரே ஒருத்தி. அந்த ஒருத்திக்குச் சண்டைக்காரி என்று பெயர், காரணம் கேட்டுப் பக்கத்தில் போனவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

சேவல் மட்டும் கச்சிதத்தின் பிள்ளை. வீட்டில் இன்குபேட்டர் செய்த புதிதில், முதல் தடவை பொரித்த குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்து உலர்ந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தபோது, ஒன்று மட்டும் ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வை ரத்தம் வராமல் நறுக்கி, அதை வெளியே எடுத்தவர் அவர்தான். வெட்டுத்துணிப் பெட்டியில் அது வளர்ந்தது, தையல் மெஷின் சத்தத்தில் தூங்கியது. பெரியவனானதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து மெஷின் பலகைமேல் ஏறி நின்று வாடிக்கையாளர்களை மேலும் கீழும் பார்த்தது. அந்த முறுக்கைப் பார்த்துத்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். அவருக்கு அதன்மேல் உயிர்.

இன்குபேட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மரப்பெட்டி, அதற்குள் பல்பு, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் ஏற்றுகிற ஒரு சின்னக் கருவி, ஈரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதைக் கடையில் உடுப்பைப் போட்டுப் பார்க்கிற அறைக்குள், கண்ணாடிக்கு எதிரில் வைத்திருந்தார். திரைச்சீலை போட்ட அறை, காற்று அடிக்காது, சூடு சீராக நிற்கும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த அறை அடைபட்டுப் போனதால் யாரும் உடுப்பைக் கடையிலேயே போட்டுப் பார்த்துக் குறை சொல்ல முடியாமல் போனது என்பது அவர் சொல்லாத காரணம்.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. வைத்த முட்டையில் முக்கால்வாசி குஞ்சாகும். அக்கம்பக்கத்துக்காரர்கள் குஞ்சு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற அளவுக்கு அந்த அம்மாளுக்குப் பெயர் வந்தது. அந்த நேரத்தில்தான் பெட்டைகளின் முதுகில் பிரச்சினை முளைத்தது.

"ஏங்க, உங்க மாப்பிள்ளை ஏறி மிதிச்சு மிதிச்சு, பொண்ணுங்க முதுகுல ஒரு இறகு மிச்சமில்லை. நகம் பட்டுக் கீறி வேற இருக்கு" என்றாள் மனைவி. "ஏதாவது பழைய துணியைக் கிழிச்சு முதுகுல கட்டி விடுங்க. இறகு முளைக்கிற வரைக்கும் இருந்தாப் போதும்."

"கிழிச்சுக் கட்டறதா?" கச்சிதத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "டெய்லர் வீட்டுக் கோழி கந்தலைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேரு என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்க?"

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒவ்வொரு கோழியையும் வெட்டுமேசைமேல் நிறுத்தி, இஞ்ச் டேப்பால் கழுத்து, மார்பு, இறக்கைக்குழி, முதுகு நீளம் என்று அளந்தார். வந்திருந்த வாடிக்கையாளர்கள் வரிசையில் கோழிகளுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். உள்துணி வைத்து, காலர் வைத்து, இறக்கைக்கு அடியில் பட்டி வைத்து, ஆளுக்கொரு கோட்டு தைத்தார். பின்பக்கத்தில் அழகான மடிப்புகள் வைத்து, வாலை முழுக்க மறைத்துத் தாராளமாக இறக்கிவிட்டார்.

"வாலை எதுக்கு மூடறீங்க? முதுகுதானே கேட்டேன்?" என்றாள் மனைவி.

"ஒரு உடுப்புன்னா ஒரு மரியாதை வேணாமா? அரையும் குறையுமா அனுப்பச் சொல்றியா?"

கோட்டுப் போட்ட பெட்டைகள் முதலில் ஒரு மணி நேரம் பின்பக்கமாகவே நடந்தன. பிறகு பழகிவிட்டன. முற்றத்தில் அவை வரிசையாக மேய்கிறதைப் பார்த்தால், ஏதோ முக்கியமான கூட்டத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு எப்போது என்று தேடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்து "கச்சிதம்!" சொன்னார். சண்டைக்காரி மட்டும் தன் கோட்டைப் போட்ட கையோடு பிய்த்து எறிந்து, அதன்மேல் ஏறி நின்று எச்சமிட்டாள்.

"என் தையலை மதிக்காதவளுக்கு என் துணி கிடையாது" என்று கச்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு இன்னொரு கோட்டு தைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பெட்டியில் வைத்த முட்டைகள் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

சண்டைக்காரி அப்போது முட்டையை நிறுத்திவிட்டு இறகு உதிர்த்துக்கொண்டிருந்தாள், ஆகவே வைத்ததெல்லாம் பழுப்பு முட்டைகள். மூன்று வாரம் காத்திருந்து, மேலும் சில நாள் பொறுத்துப் பார்த்து உடைத்தால், அத்தனையும் கூமுட்டை. கச்சிதம் இன்குபேட்டரைக் குடைந்தார். வெப்பமானியை மாற்றினார். ஈரம் போதவில்லையோ என்று இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டியை எடுத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் பெட்டிக்குள் புஸ்ஸென்று அடித்தார். முட்டையின் அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினார். புரட்டியது எது புரட்டாதது எது என்று குழம்பக்கூடாதென்று, தையல் சாக்குக்கட்டியால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் புரட்டினார். ஒரு வாடிக்கையாளர் ஒரு கையைத் தூக்கினபடியே வெகுநேரம் நின்றார். இரண்டாவது தடவையும் கூமுட்டைதான்.

தீவனக்கடைக்காரரிடம் போய் முறையிட்டார். அவர் ஒரு பாடமே நடத்தி அனுப்பினார். சாப்பாட்டு முட்டைக்குப் போடுகிற தீவனம் போதாது, குஞ்சு பொரிக்க வேண்டிய முட்டைக்குத் தாய்க்கோழித் தீவனம் தனியாக இருக்கிறது. அதோடு பச்சைக் கீரை, முளைகட்டின தானியம். ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும், அது சேவலுக்கு ஆகாது. சேவல் தொப்பை போட்டால் வேலைக்கு ஆகாது, அதன் தீவனத்தைப் பெட்டைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு அளவாகக் கொடுக்க வேண்டும். "அப்புறம் ஒண்ணு. மூணு வாரம் சும்மா காத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றார் கடைக்காரர். "ஒரு வாரம் ஆனதும் இருட்டுல முட்டைக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. கரு பிடிச்சிருந்தா சிவப்பு நரம்பு ஓடும். பிடிக்கலைன்னா வெறுமனே வெளிச்சமா இருக்கும்."

'அளவாக' என்ற சொல் கச்சிதத்தின் காதில் விழுந்ததே போதும். மறுநாள் காலையிலிருந்து மாப்பிள்ளையை மெஷின்மேல் நிறுத்தி இடுப்பு அளந்தார். "நேத்தைவிட ஒரு நூல் குறைஞ்சிருக்கே!" என்று கொஞ்சினார். பெட்டைகள் தின்று தின்று பளபளத்தன, கோட்டுகள் இறுகியபோது ஓரத்தைப் பிரித்து மறுபடி விட்டுத் தைத்தார். நல்ல தீவனம் வயிற்றில் விழுந்ததும் சண்டைக்காரியும் மறுபடி முட்டை வைக்க ஆரம்பித்தாள்.

ஆனால் மனைவியின் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"குஞ்சு சொல்லி வச்சவங்க மூஞ்சியில முழிக்க முடியலை. பெட்டியைக் குத்தம் சொன்னீங்க, தீவனத்தைக் குத்தம் சொன்னீங்க. குத்தம் உங்க மாப்பிள்ளைகிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியுது. இந்தத் தடவையும் கரு பிடிக்கலைன்னா வேற சேவல் கொண்டாந்துடுவேன். ஒரு முற்றத்துல ரெண்டு சேவல் ஆகாது."

"அப்போ இவன்?"

"தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போவான்."

தம்பி என்றால் அவள் தம்பி, கச்சிதத்தின் மச்சினன். கறிக்கடை வைத்திருக்கிறவன். எந்தக் கோழியைப் பார்த்தாலும் அவன் கண் முகத்தைப் பார்க்காது, தொடையைப் பார்க்கும். கச்சிதம் அவனை "மாப்ளே" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பும், மச்சினனுடையதும் சேவலுடையதும். அன்றைக்கு அதைக் கேட்டபிறகு கச்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய நாளும் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் கதவைச் சாத்தி, போட்டுப் பார்க்கிற அறைக்குள் மூவரும் நெருக்கியடித்து நின்றார்கள். மச்சினன் சாக்குப் பையோடு வந்திருந்தான். வரும் வழியிலேயே மாப்பிள்ளையைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை தன்னைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. மனைவி திரையை இழுத்து மூடினாள்.

கச்சிதம் முதல் பழுப்பு முட்டையை டார்ச்மேல் வைத்தார். உள்ளே வெறும் மஞ்சள் வெளிச்சம். இரண்டாவதும் அப்படித்தான். அடுத்ததும் அப்படித்தான். பழுப்பு முட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன.

"ரெண்டு கிலோ தாராளமாத் தேறும், மாமா" என்றான் மச்சினன், ஆறுதலாக.

கடைசியாகச் சில வெள்ளை முட்டைகள் இருந்தன. முதல் வெள்ளை முட்டையை வைத்ததும் கச்சிதத்துக்கு மூச்சு நின்றது. உள்ளே சிவப்பு நூலால் யாரோ பின்னல் போட்டது போல நரம்புகள் ஓடின. நடுவில் ஒரு கரும்புள்ளி படக் படக்கென்று துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளை முட்டையிலும் உயிர் இருந்தது. எல்லா வெள்ளை முட்டையிலும் இருந்தது.

"பாத்தியா! பாத்தியா! மாப்பிள்ளை மேல குத்தம் இல்லை!" என்று கத்தினார்.

மனைவி முட்டையையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெள்ளை முட்டை சண்டைக்காரியோடது. அப்போ இவன் அவகூட மட்டும்தான் சேர்றான். ஒருத்தியோட நிக்கிறான். மனுஷனாப் பொறந்திருந்தாக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். சேவலாப் பொறந்துட்டு இப்படி இருந்தா நான் என்ன பண்றது?"

"ஒழுக்கமான சேவல்" என்று மச்சினனும் ஒத்துக்கொண்டு, சாக்கின் வாயை விரித்தான்.

கச்சிதத்தின் மண்டைக்குள் ஏதோ ஓடியது. ஒரே தீவனம், ஒரே கீரை, ஒரே பெட்டி, ஒரே சேவல். சண்டைக்காரிக்கு மட்டும் என்ன வித்தியாசம்? திரையை விலக்கி, பின்வாசல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். கோட்டுப் போட்ட பெட்டைகள் கௌரவமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் பார்த்துப் பார்த்து வைத்த மடிப்பு தரை வரைக்கும் இறங்கி நின்றது. அந்தக் கூட்டத்தில் அம்மணமாகத் திரிந்தவள் சண்டைக்காரி ஒருத்திதான்.

அவருக்கு வியர்த்துவிட்டது. முட்டையிட உட்கார்ந்தால் மடிப்பு விரிந்து வழிவிடும்படி யோசித்துத்தான் வெட்டியிருந்தார். முட்டை வெளியே வர வழி வைத்தவர், மாப்பிள்ளை பாவம் என்ன செய்வான் என்று யோசிக்கவே இல்லை. அது தினமும் ஏறி, காலர்மேல் மிதித்து, மடிப்புக்குள் மல்லுக்கட்டி, தோற்று இறங்கியிருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்லும்?

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. புதுச் சேவல் வரும், அதற்கும் கரு பிடிக்காது, அப்போது வேறு ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். கச்சிதம் என்ற பெயர் கச்சிதமாக நிலைக்கும். மச்சினனின் அக்குளிலிருந்து மாப்பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரையே பார்த்தது. அவர் "கச்சிதம்" சொல்லும்போது எப்படிச் சாய்ப்பாரோ அப்படியே சாய்த்தது.

"இரு மாப்ளே" என்றார். இரண்டு தலைகளும் திரும்பின. "கோட்டு… கோட்டுதான் மறைக்குது."

"என்ன கோட்டு?" என்றாள் மனைவி.

"பின்பக்கம் கொஞ்சம்… இல்லை, துணி இழுவை கொடுத்திருக்கு. இந்தத் துணியே அப்படித்தான், போகப்போக நீளும்." மச்சினன் சேவலை அக்குளிலிருந்து எடுத்துச் சாக்குக்குள் இறக்கப் போனான். "இல்லை இல்லை! கோழிங்கதான் அளவெடுத்தப்ப வாலைத் தூக்கிக்கிட்டு நின்னுடுச்சு!" மாப்பிள்ளையின் கால்கள் சாக்குக்குள் மறைந்தன. கச்சிதம் பாய்ந்து சாக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அளவு தப்பு!" என்று அலறினார். "நான்தான் தப்பா எடுத்தேன். துணி மேல குத்தம் இல்லை, கோழி மேல குத்தம் இல்லை. என் அளவு தப்பு, போதுமா? அவனை விடுடா!"

மச்சினன் பயந்துபோய்ச் சேவலை அவர் கையில் கொடுத்தான். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, பெட்டைகளைத் துரத்தித் துரத்திப் பிடித்துக் கோட்டுகளை உருவினார். கடைசிக் கோட்டை உருவுவதற்குள் மாப்பிள்ளை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இத்தனை நாள் கணக்கையும் ஒரே மதியத்தில் நேர்செய்கிற வேகத்தில் அது முற்றத்தைச் சுற்றி வருவதைப் பார்த்து, மச்சினன் மரியாதையாகச் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினான். அடுத்த தடவை பெட்டி நிறையக் குஞ்சு பொரித்ததும், பெட்டைகளின் முதுகுக்கு வால் மறைக்காத வெறும் சதுரத் துணி வந்ததும் பிறகு நடந்தவை.

அன்று மதியம் கச்சிதம் கைநிறையக் கோழிக்கோட்டுகளோடு கடைக்குத் திரும்பியபோது, மனைவி போட்டுப் பார்க்கிற அறையின் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். முட்டைகளின் கதகதப்பு அறையில் அப்படியே இருந்தது. அவள் கையில் கல்யாண ரவிக்கை.

"ஏங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்போ என் இடது கை வளரலையா?"

கச்சிதம் ரவிக்கையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். கோட்டுகளைக் கீழே வைத்தார்.

"வளரலை" என்றார்.

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு நூல்கூட வளரலைம்மா."

அவள் இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இரண்டும் ஒரே நீளமாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரவிக்கையாலேயே அவர் முதுகில் நாலு போட்டாள்.

அவர் அடியை வாங்கிக்கொண்டே மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிரிக்கிற ஊசியை எடுத்து, பழக்கதோஷத்தில் ஒரு கோழிக்கோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் அதைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டு, ரவிக்கையை அந்த இடத்தில் வைத்தாள்.

"கோழிங்க காத்திருக்கும். முதல்ல என் கையைப் பிரிச்சுத் தைங்க."